விருந்தாளி எண் நாற்பத்தெட்டு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

எனக்கு ஓய்வு என்று கேக் வெட்டி, சால்வை போர்த்தி, மாடிப்படி வரை வந்து வழியனுப்பி வைத்தீர்கள். மறுவாரமே திரும்ப ஏறி வந்துவிட்டேன். வந்து பார்த்தால் உங்களில் இரண்டு பேருக்குள் சண்டை. ஒரு பட்டனின் முனை வட்டமாக இருக்க வேண்டுமா, கூராக இருக்க வேண்டுமா என்று. காலையில் ஆரம்பித்தது, சாப்பாட்டு நேரத்தைத் தாண்டியும் ஓடியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு பட்டனுக்காகச் சாப்பாட்டை மறக்கிற ஆட்கள் அருப்புக்கோட்டையில் இருக்கிறார்கள் என்றால் நம் ஆபீஸுக்கு ஒரு குறையும் வராது.

நம் வேலையை வெளியாட்களுக்குப் புரியவைப்பதுதான் பெரிய பாடு. "வெப்சைட்டில் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் நிரப்புகிற ஃபாரம் இருக்குமே, அதை அழகாக்கித் தருகிறோம். நிரப்பி அனுப்பியதும் அனுப்பியவருக்கு ஒரு மெயில், கடைக்காரருக்கு ஒரு மெயில் போகுமே, அதையும் அழகாக்கித் தருகிறோம்" என்று நான் மூச்சுவிடாமல் சொல்லி முடிப்பேன். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, "சரிம்மா, வேற என்ன வேலை பாக்குறீக?" என்பார்கள். என் மாமியார் கடைசி வரைக்கும் நான் தபால் ஆபீஸில் இருப்பதாகத்தான் தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார்.

எந்த நிறத்துக்கு எந்த எழுத்து, எந்தப் பெட்டிக்கு எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை நான் சொல்லப்போவதில்லை. எல்லாம் அழகாக அமைந்து, அதனாலேயே குடி முழுகப் பார்த்த ஒரு கதையைச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரையில் எனக்கு முதன்முதலில் வேலை கொடுத்த முதலாளி. பெயர் வேண்டாம். புகழ்ந்தால் அவருக்குப் பிடிக்காது, திட்டினால் எனக்குப் பிடிக்காது. எந்த மெயிலைச் செய்து காட்டினாலும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இத யாரு தொறப்பாக? அப்ப அவுக எங்க நிப்பாக?" கேட்டுவிட்டு, போனும் கையுமாக நம்மைத் தெருவுக்கு விரட்டிவிடுவார். உச்சி வெயிலில் நடுரோட்டில் நின்று நாம் செய்ததை நாமே படிக்க வேண்டும்.

ஒருமுறை நான் வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்தில் ஒரு மெயில் செய்திருந்தேன். ஏசி அறையில் பார்த்தபோது அத்தனை நாகரிகம். சித்திரை வெயிலில் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. சேலை முந்தானையைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டு, போனை அதற்குள் வைத்துக்கொண்டு குனிந்து தேடினேன். எதிரே இளநீர் விற்றவர் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "ஏம்மா, எதுவும் கெட்ட சேதியா? அழுவாதம்மா, இந்த எளநியக் குடி." அழவில்லை அண்ணே, எழுத்தைத் தேடுகிறேன் என்றேன். அவர் இன்னும் பதறிப்போய் பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுவிட்டார். இன்றுவரை வெளிர்சாம்பல் எழுத்தைக் கண்டால் எனக்கு இளநீர் ஞாபகம்தான் வரும்.

வெயில் விஷயம் அன்றே புரிந்துவிட்டது. ஆனால் முதலாளியின் கேள்வி வெயிலைப் பற்றியது மட்டுமில்லை என்பது பந்தல்குடி டயர் கடையில்தான் எனக்கு உறைத்தது.

சுகந்தி என்று ஒரு பெண். பந்தல்குடியில் பிறந்தவள், புருஷனோடு மஸ்கட்டில் இருக்கிறாள். இரண்டு வயது மகள் யாழினிக்குக் காது குத்த ஊருக்கு வருவதாக ஏற்பாடு. திருச்சுழியைத் தாண்டிப் பொட்டலுக்குள் அவர்களுடைய குலசாமி கோயில். அங்கே சாமி உண்டு, வேப்பமரம் உண்டு, தண்ணீர் மட்டும் கிடையாது. குடிக்க, சமைக்க, கை கழுவ எல்லாவற்றுக்கும் லாரியில்தான் கொண்டுபோக வேண்டும். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல் எத்தனை லோடு தண்ணீர் சொல்வது? சுகந்தியின் வீட்டுக்காரர் எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். கூப்பிட்டு, "வர்றவுக எல்லாரும் பதிவு பண்ற மாதிரி ஒரு ஃபாரம் பண்ணிக் குடுங்க" என்றார். ஒவ்வொருவருக்கும் ஒரு விருந்தாளி எண் தர வேண்டும், எண்ணைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பந்தியில் உட்கார வைக்க வேண்டும், தள்ளுமுள்ளு இருக்கக் கூடாது என்பது அவருடைய திட்டம். காதுகுத்து விருந்தில் தள்ளுமுள்ளு இல்லாமல் சாப்பிட்டவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. இருந்தாலும் ஆசைப்படுகிறாரே என்று சரி சொன்னேன்.

ஃபாரத்தைச் செய்தது நம் ஃபாத்திமா. இன்று உங்களையெல்லாம் மிரட்டி வேலை வாங்குகிறாளே, அவளேதான். தாமரை நிறத்தில் பெட்டிகள், மயில்நீலத்தில் 'சமர்ப்பி' என்று ஒரு பட்டன். பெயர், ஊர், உறவுமுறை, எத்தனை பேர், வேனில் ஏறும் இடம், கடைசியில் சிறப்புக் குறிப்பு. யாராவது பதிவு செய்தால் வீட்டுக்காரருக்கும் எனக்கும் சமையல் மாஸ்டருக்கும் ஒரு மெயில் வரும். அதில்தான் ஃபாத்திமா தன் கைவரிசையைக் காட்டியிருந்தாள். மேலிருந்து வண்ணக் காகிதங்கள் பொலபொலவென்று கொட்டும். கீழே கொட்டை எழுத்தில், 'மகிழ்ச்சி! இன்னொரு உறவு வருகிறது!' முதல் மெயில் வந்தபோது நாங்கள் இருவரும் கை தட்டிக் குதித்தோம்.

உறவுமுறைக்கு உள்ள பட்டியலைச் சுகந்தியின் வீட்டுக்காரர் எழுதி அனுப்பியிருந்தார். பங்காளி, சம்பந்தி, நண்பர், அலுவலகம், மற்றவர். எங்கள் யாருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. தாய்மாமனை யாராவது விருந்தாளிப் பட்டியலில் சேர்ப்பார்களா? அவர் மடியில் பிள்ளையை வைத்துத்தானே காதே குத்த வேண்டும்? அவர் விழாவை நடத்துகிற ஆள். அதனால் அவர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். வீட்டுக்காரர் ஃபாரத்தின் லிங்கைக் குடும்பக் குரூப்பில் போட்டு, 'அனைவரும் தவறாமல் நிரப்பவும்' என்று ஒரு வரி சேர்த்தார். சுகந்தியின் அண்ணன் செல்வராஜும் அந்தக் குரூப்பில் இருந்தார். யாழினியின் ஒரே தாய்மாமன். தூத்துக்குடி ரோட்டில், பந்தல்குடியில், லாரிகளுக்கு டயர் கடை வைத்திருக்கிறார். மச்சான் சொல்லிவிட்டாரே என்று மரியாதைக்கு அவரும் நிரப்பினார். உறவுமுறையில் தன்னைத் தேடினார். இல்லை. விடாமல் தேர்ந்தெடுக்கச் சொல்லிச் சிவப்பு நட்சத்திரம் வேறு மின்னியது. வேறு வழியில்லாமல் 'மற்றவர்' என்பதைத் தொட்டு அனுப்பிவிட்டு, வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பதில் மெயில் வந்த நேரத்தில் அவர் ஒரு லாரிச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ். மருமகள் காதுகுத்தைப் பற்றிக் கடைக்கு வருகிற டிரைவர்களிடமெல்லாம் ஒரு மாதமாகப் பெருமை பேசி வைத்திருந்தவர். பக்கத்தில் நின்ற டிரைவரிடம் போனைக் காட்டி, "எம் மருமக விசேசத்துக்கு மெயிலு வந்துருக்குண்ணே, சத்தமாப் படிங்க" என்றிருக்கிறார். டிரைவரும் ரோடு முழுக்கக் கேட்கும்படி படித்தார்.

"அன்புள்ள செல்வராஜ், மற்றவர், அவர்களுக்கு. உங்கள் பதிவு ஏற்றுக்கொள்ளப்பட்டது. உங்கள் விருந்தாளி எண் நாற்பத்தெட்டு. இந்த மெயிலை வாசலில் காட்டி, எண்ணை அழைக்கும்போது பந்தியில் அமரவும்."

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். எனக்கு முதலில் வந்தது மஸ்கட்டிலிருந்து சுகந்தியின் போன். ஒரே அழுகை.

"அக்கா, எங்கண்ணன் என்னைய 'நீங்க'ன்னு சொல்லிருச்சுக்கா!"

"மரியாதையாத்தானேம்மா பேசிருக்காக?"

"ஐயோ அக்கா! பெறந்ததுல இருந்து என்னையக் கழுதன்னுதான் கூப்பிடும். கல்யாண மேடையில கூட 'ஏ கழுத, மாலைய நேராப் போடு'ன்னு சொன்ன ஆளு அது. இன்னைக்கு 'நல்லாயிருக்கீங்களா, அங்கே வெயில் எப்படி'ன்னு கேக்குதுக்கா! இனி அது வராது. எம்பிள்ளைய யாரு மடியில வைப்பேன்?"

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. சில பேருக்குக் கோபம் வந்தால் வார்த்தை தடிக்கும். செல்வராஜுக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். உடனே கம்ப்யூட்டரைத் திறந்தேன். திறந்த நேரம், புதிதாக ஒரு மெயில் வந்து விழுந்தது. வண்ணக் காகிதங்கள் பொலபொலவென்று கொட்டின. 'மகிழ்ச்சி! இன்னொரு உறவு வருகிறது!' பெயர்: செல்வராஜ். உறவுமுறை: மற்றவர். எத்தனை பேர்: 0. சிறப்புக் குறிப்பு: எனக்கு அன்று வேலை இருக்கிறது.

ஃபாத்திமா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "அக்கா, அந்தக் காகிதம் கொட்டுறத மொதல்ல நிப்பாட்டுங்கக்கா" என்றாள். எப்படி நிறுத்துவது? அது ஆள் பார்த்தா கொட்டுகிறது? அதற்குள் நம் ஃபாரம் தன் கடமையைச் செய்து அவருக்கும் ஒரு பதில் அனுப்பியிருந்தது. 'உங்கள் வருகையை ஆவலுடன் எதிர்பார்க்கிறோம். உங்கள் விருந்தாளி எண் 55.' நாற்பத்தெட்டிலிருந்து ஐம்பத்தைந்துக்கு இறக்கிவிட்டோம் மனுஷரை.

பதறினால் நம் ஆட்களுக்குக் கை எங்கே போகும்? கீபோர்டுக்குத்தான் போகும். உறவுமுறைப் பட்டியலில் 'தாய்மாமன்' என்று முதல் இடத்தில் சேர்த்தோம். அவருக்கென்று தனியாக ஒரு மெயில் செய்தோம். தங்கநிறக் கரை, இரண்டு பக்கமும் மயில், நடுவில் 'எங்கள் குடும்பத்தின் தூணே' என்று தொடங்கி நாலு வரி. ஃபாத்திமா வாழ்க்கையில் செய்த மிக அழகான மெயில் அது. அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

பதில் ஃபாரம் வழியாகவே வந்தது. வண்ணக் காகிதம். மகிழ்ச்சி. எத்தனை பேர்: 0. சிறப்புக் குறிப்பு: புதிய அலங்காரம் நன்று. நாங்கள் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் வீண்: 'தாய்மாமன்' என்று முதலில் போட்டிருந்தும், அவர் மெனக்கெட்டுக் கீழே இறங்கி 'மற்றவர்' என்பதையே தொட்டிருந்தார். விருந்தாளி எண் 61.

அதற்குப் பிறகு அவர் யாருடைய போனையும் எடுக்கவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் சிறப்புக் குறிப்பில்தான் சொன்னார். மாலையில் சமையல் மாஸ்டர் கூப்பிட்டார். அவருக்கும் நகல் போகிறதே. "ஏம்மா, செல்வராஜ்னு ஒருத்தரு திரும்பத் திரும்ப ஜீரோ போடுறாரு. இந்த ஜீரோவ எல்லாம் மொத்தத்துல இருந்து எப்படிம்மா கழிக்கிறது?" எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு போனை ஃபாத்திமாவிடம் கொடுத்துவிட்டேன். அவளும் சிரித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். மாஸ்டர் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார்.

சிரித்து ஓய்ந்த பிறகு ஃபாத்திமாதான் சொன்னாள். "எங்க வீட்டுல மாமுவுக்கு இப்படி ஒரு மெயிலு போயிருந்தா, அவுக வாசப்படி மிதிக்கவே மாட்டாக. இன்னொரு மெயிலு அனுப்பி ஒண்ணும் ஆகாதுக்கா. தட்டு எடுத்துக்கிட்டு நேர்ல போகணும்." சுகந்தியும் அவள் வீட்டுக்காரரும் விழாவுக்கு முந்தைய நாள்தான் வந்து இறங்குகிறார்கள். அதுவரை விட்டுவைத்தால் கோபம் இறுகிப்போகும். கெடுத்தது நம் மெயில். நாம்தான் போக வேண்டும்.

தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மல்லிகைச் சரம், எல்லாம் வைத்த தாம்பாளத்தை மடியில் ஏந்திக்கொண்டு ஃபாத்திமா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். "யாருக்குத்தா பொண்ணு பாக்கப் போறீக?" என்று கண்டக்டர் கேட்டார். "டயர் கடைக்கு" என்றாள் இவள். அவர் அப்புறம் எங்கள் பக்கமே திரும்பவில்லை.

செல்வராஜை நான் அன்றுதான் பார்த்தேன். ஒல்லியான மனிதர், மெல்லிய குரல். எங்களைக் கண்டதும் இரண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். குடிக்கக் கலர் சோடா வாங்கி வரச் சொல்லி ஆளனுப்பினார். "வாங்க மேடம். உக்காருங்க மேடம். பிரயாணம் சௌகரியமா இருந்ததா மேடம்?" அந்த மரியாதையிலேயே கோபத்தின் அளவு தெரிந்துவிட்டது.

சுகந்தியை வீடியோவில் அழைத்து, போனைத் தாம்பாளத்தில் தேங்காய் மேல் சாய்த்து வைத்தோம். அவள் ஒரு வார்த்தை சொல்வதற்குள் அழ ஆரம்பித்தாள். "வணக்கம். பயண ஏற்பாடெல்லாம் முடிந்ததா?" என்றார் அண்ணன். அவள் "அண்ணே" என்று வாயைத் திறந்ததோடு டவர் போய்விட்டது. திறந்த வாயோடு தேங்காய் மேல் உறைந்து நின்றாள் பாவம். ஃபாத்திமா தலையைக் குனிந்துகொண்டு வெற்றிலையை எண்ணுவதுபோல் சிரிப்பை அடக்கினாள்.

அந்த நேரத்தில் ரோட்டோரம் ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "நாப்பத்தெட்டண்ணே! பின் சக்கரத்துல காத்துப் பாருங்க" என்று கத்தினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செல்வராஜும் சிரிக்கப் பார்த்தார். முகம்தான் ஒத்துழைக்கவில்லை.

எனக்கு அத்தனை சிரிப்பும் அடங்கிவிட்டது. எங்கள் மெயிலை அவர் எங்கே நின்று திறந்தார் என்று நாங்கள் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. தன்னைத் தாய்மாமன் என்று தெரிந்த அத்தனை பேர் நடுவிலும் நின்று திறந்திருக்கிறார். அங்கே அவருக்கு ஒட்டிய பெயரை வீட்டுக்குள் மன்னிப்புக் கேட்டு எடுக்க முடியாது. அதே இடத்தில், அதே ஆட்களுக்கு முன்னால்தான் எடுக்க வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

தங்கக் கரை போட்டோம், மயில் போட்டோம், பட்டியலில் முதலிடம் கொடுத்தோம். எத்தனை செய்தும் அவரை ஃபாரத்தை நிரப்புகிற பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்தோம். அவர் நிற்க வேண்டியது மறுபக்கம் அல்லவா? பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துத் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். பதிவுகள் யார் யாருக்குப் போக வேண்டும் என்று எழுதியிருக்கிற இடத்தில், எல்லாப் பெயருக்கும் மேலே செல்வராஜின் மெயில் முகவரியைச் சேர்த்தேன். பதில் மெயிலின் அடியில் 'இப்படிக்கு, தாய்மாமன் செல்வராஜ்' என்று எழுதினேன். ஃபாத்திமா சட்டென்று புரிந்துகொண்டு, விருந்தாளி எண்ணைத் தூக்கி எறிந்தாள்.

"என்ன மேடம் பண்றீங்க?"

"ஒரு நிமிசம் இருங்க தம்பி."

ஒரு நிமிஷம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். யாராவது பதிவு செய்தால்தானே மெயில் வரும்? கலர் குடித்தோம். வெயிலைப் பற்றிப் பேசினோம். ஒரு டயருக்குக் காற்று அடித்து முடித்தார்கள். யாராவது வரமாட்டார்களா என்று நான் அவர்களுடைய குலசாமியை வேண்டினேன், ஃபாத்திமா அவளுடைய பிரார்த்தனையைச் செய்தாள். ஒருவழியாகச் செல்வராஜின் போன் டிங்கென்றது. அவர் கையில் மறுபடியும் கிரீஸ். காற்றுப் பார்க்க வந்த அந்த டிரைவர்தான் போனை எடுத்துப் படித்தார்.

"மகிழ்ச்சி! இன்னொரு உறவு வருகிறது! பாலவனத்தம் சீனிவாசன், பங்காளி, நாலு பேரு."

"இது எதுக்கு எனக்கு வருது?" என்றார் செல்வராஜ்.

"யாரு வாராக, யாரு வரலைன்னு தாய்மாமனுக்குத்தானே தம்பி மொதல்ல தெரியணும்? பதிலும் உங்க பேர்லதான் போகுது."

டிரைவர் போனையும் செல்வராஜையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப எல்லாருக்கும் எடம் குடுக்கிற ஆளே நீங்கதானா! இத மொதல்லயே சொல்லக் கூடாதாண்ணே?" அதோடு நாற்பத்தெட்டு அந்த ரோட்டில் செத்துப்போனது.

செல்வராஜ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். "வர்றவுகள எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றார். நான் மூச்சு விடுவதற்குள், "நான் வர்றது வேற விசயம். அத அப்புறம் பாப்போம்" என்றார். தங்கை இன்னும் அவருக்கு 'நீங்க'வாகத்தான் இருந்தாள்.

ஆனால் ஃபாரம் அவருடையதாகிவிட்டது. எத்தனையோ பெரிய முதலாளிகளுக்கு வேலை செய்திருக்கிறேன். செல்வராஜ் படுத்திய பாட்டை ஒருவரும் படுத்தியதில்லை. தாமரை நிறம் எடுபடவில்லையாம், லாரியின் பின்பக்கம் மாதிரி மஞ்சளும் சிவப்புமாக இருக்க வேண்டுமாம். மெயிலின் அடியில் 'எந்நேரமும் பஞ்சர் பார்க்கப்படும்' என்று போட வேண்டுமாம். ஃபாத்திமா அன்று இரண்டு தலைவலி மாத்திரை போட்டாள். 'சமர்ப்பி' என்ற பட்டனைப் பார்த்துவிட்டு, "சாமிக்குச் சமர்ப்பிக்கலாம். சொந்தக்காரன் எதுக்கு எனக்குச் சமர்ப்பிக்கணும்? 'வாரேன்'னு போடுங்க" என்றார். போட்டோம். அதுவரை லிங்கைத் திறந்துவிட்டு நிரப்பாமல் போனவர்களெல்லாம்கூட மளமளவென்று 'வாரேன்' அழுத்த ஆரம்பித்தார்கள். அந்த ஒரு வார்த்தையில் இருந்த ருசி எனக்கும் ஃபாத்திமாவுக்கும் தோன்றவில்லையே என்று பொறாமையாகக்கூட இருந்தது.

உறவுமுறைப் பட்டியலையும் அவரே உட்கார்ந்து திருத்தினார். சின்னத்தாத்தா, பெரியத்தான், கொழுந்தியா, மதினி என்று நீட்டிக்கொண்டே போனார். 'மற்றவர்' என்பதை மட்டும் எடுக்கச் சொன்னார்.

"யக்கா, நம்ம வீட்டு விசேசத்துல மத்தவுகன்னு ஒரு ஆளே இருக்கக் கூடாதுக்கா."

மேடம் போய் அக்கா வந்துவிட்டதைக் கவனித்தேன், காட்டிக்கொள்ளவில்லை. பட்டியலின் கடைசியில் 'மருமகள்' என்று ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். உங்களுக்கு இருப்பது ஒரே மருமகள், அதற்கும் இரண்டு வயது, அவளா ஃபாரம் நிரப்பப்போகிறாள் என்று கேட்டேன்.

"இருக்கட்டும்க்கா" என்றார்.

விழா நாளன்று ஃபாத்திமாவும் நானும் போயிருந்தோம். போகாமல் இருந்தால் எங்களுக்குத் தலை வெடித்திருக்கும். கோயிலுக்குப் போகிற பாதையில் ஒரு மேடு. அந்தப் பொட்டலில் டவர் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு செல்வராஜ் அங்கே நின்றிருந்தார். ஒவ்வொரு வேனாக நிறுத்தி, போனைப் பார்த்துப் பெயர் சொல்லி வரவேற்றார். "பாலவனத்தம் மச்சான், நாலு பேருன்னீக, ஆறு பேரு எறங்குறீக! பரவாயில்ல, வாங்க வாங்க." சுகந்தி குழந்தையோடு இறங்கியபோது மட்டும் கையைக் கூப்பினார். "வாங்க. எல்லாம் நலமா?" விமானத்தில் வந்த அலுப்போடு அவள் முகம் இன்னும் சுருங்கிப்போனது.

யாழினிக்கு மொட்டை அடித்து, சந்தனம் பூசி, பட்டுப்பாவாடை கட்டினார்கள். மேளம் தொடங்கியது. காது குத்த வந்த ஆசாரி மரத்தடியில் மணை போட்டு உட்கார்ந்து, "தாய்மாமன் எங்கப்பா? பிள்ளைய மடியில வைங்க" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். செல்வராஜ் மேட்டை விட்டு இறங்கவில்லை. ஒரு வேனும் வராத பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுகந்தியின் வீட்டுக்காரர் வேர்த்து வழிய நின்றார். ஒரு பெரியவர், "வேற யாரும் மாமன் முறை உள்ளவுக இருக்காகளா?" என்று மெதுவாகக் கேட்டார்.

சுகந்தி யாழினியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். விறுவிறுவென்று மேட்டில் ஏறி, அண்ணனின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று போனை எடுத்தாள். நாங்களும் என்னவோ ஏதோ என்று பின்னாலேயே ஓடினோம். திரையில் மஞ்சளும் சிவப்புமாக நம் ஃபாரம். மடமடவென்று நிரப்பினாள். கடைசியில் குழந்தையின் விரலைப் பிடித்து 'வாரேன்' என்ற பட்டன் மேல் வைத்து அழுத்தினாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நான் செய்த எந்த ஃபாரத்துக்காகவும் அப்படி வேண்டிக்கொண்டது கிடையாது.

அண்ணனின் சட்டைப்பையில் டிங்கென்றது. போனை எடுத்தார். கூடவே பையிலிருந்து ஒரு குட்டி நகைப்பெட்டியும் வெளியே வந்து விழப்போக, இடது கையால் பிடித்துக்கொண்டார். தோடு வாங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறார் மனுஷர்! போனில் வண்ணக் காகிதங்கள் கொட்டின.

'மகிழ்ச்சி! இன்னொரு உறவு வருகிறது!' பெயர்: யாழினி. உறவுமுறை: மருமகள். எத்தனை பேர்: 1. சிறப்புக் குறிப்பு: மாமா மடியில் இடம் வேண்டும்.

அவர் அதை எத்தனை முறை படித்தாரோ தெரியாது. திரும்பியபோது கண் கலங்கியிருந்தது.

"ஏ கழுத! இதுக்கெல்லாமா ஃபாரம் போடுவ? பிள்ளையக் குடு இங்க."

சுகந்தி குழந்தையைக் கொடுத்துவிட்டு, அழுகையும் சிரிப்புமாக என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கேட்டீகளாக்கா? கழுதன்னு சொல்லிருச்சுக்கா! எங்கண்ணன் என்னையக் கழுதன்னு சொல்லிருச்சு!" ஃபாத்திமா கூச்சநாச்சமில்லாமல் குதித்தாள். நானும்தான் குதித்தேன், என் முழங்கால் வலியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. வண்ணக் காகிதம் கொட்டுவது என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மொட்டைத் தலை மருமகளைத் தோளில் தூக்கிக்கொண்டு செல்வராஜ் மரத்தடிக்கு இறங்கினார். மேளம் உச்சத்துக்குப் போனது. அடுப்படியிலிருந்து சமையல் மாஸ்டர் கரண்டியும் போனுமாக ஓடி வந்தார். நகல் அவருக்கும் போயிருக்கிறதே.

"யம்மா, கடைசி நேரத்துல ஒரு ஆளு கூடியிருக்கு. ரெண்டு வயசுப் பிள்ளைக்கு எதுக்கும்மா எலை?"

"போடுங்க மாஸ்டர்" என்றேன். "அது ஜீரோ போட்ட மாமாவோட எலை."